நெற்றியில் ஈரம்

மகள் நர்ஸை இழுத்துக்கொண்டு வந்து கதவைத் தள்ளியபோது அப்பாவின் நெற்றி ஈரமாக இருந்தது. தலையணையிலும் காதோரமாக ஈரம். கட்டிலை ஒட்டி அந்த இளம் போதகன் ஒரு கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

"இப்பத்தான்க்கா..." என்றான்.

நர்ஸ் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். இமையைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு போர்வையைச் சரிசெய்தாள். மகளுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அழுகைக்கு முன்னால் கிண்ணம் கண்ணில் பட்டது. அதில் பாதித் தண்ணீர் இருந்தது.

"அவரை என்ன பண்ணீங்க?"

"முகம் கழுவி விட்டேன். வேர்த்துக் கொட்டிச்சு."

முகம் கழுவினானாம்! அப்பா படுத்த நாளிலிருந்து இவனோடு அவரைத் தனியே விட்டதில்லை அவள். இன்று காலை மூச்சு ஒரு மாதிரி இழுக்க ஆரம்பித்தது. தம்பி தண்ணீர் லாரியோடு போயிருந்தான். பக்கத்து வீட்டில் ஆள் இல்லை. வேறு வழியில்லாமல் இவனை உட்கார்த்திவிட்டுத் தெருக்கோடி மருந்தகத்துக்கு ஓடினாள். அந்த நேரம் பார்த்தா அப்பா போக வேண்டும்?

தீவில் அவனுக்கு டைக்காரன் என்று பெயர். வெள்ளைச் சட்டையைக் கழுத்துவரை பூட்டி, கறுப்பு டை கட்டி, அந்த வெயிலில் அலைவான். கழுத்து முழுக்க வேர்க்குரு. காலையில் பையைத் தூக்கிக்கொண்டு படகுத்துறையிலிருந்து வீடு வீடாகத் தட்டுவான். "வீட்டுல யாரும் இல்லை" என்று உள்ளேயிருந்து குரல் வரும். "சரிங்க, அப்புறம் வரேன்" என்று அந்தக் குரலுக்கு மரியாதையாகப் பதில் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவான். ஞாயிற்றுக்கிழமை தகரக் கூரை ஜெபவீட்டில் அவனே பெருக்கி, அவனே மணியடித்து, அவனே உட்கார்ந்திருந்து, அவனே பூட்டிக்கொண்டு கிளம்புவான். கூட வந்த இன்னொரு போதகர் காய்ச்சலில் விழுந்து ஊருக்குப் படகேறியாயிற்று. இன்றுவரை ஒரு ஈ காக்கை சேரவில்லை.

அவனுக்கு முக்காலி போட்ட ஒரே ஆள் அப்பாதான். படகு என்ஜின் மெக்கானிக். "போதனையெல்லாம் இருக்கட்டும், அந்த ஸ்பேனரை எடு" என்பார். இவன் தப்பான ஸ்பேனரை எடுத்து நீட்டுவான். அப்பா வயிறு குலுங்கச் சிரிப்பார். அவர் படுக்கையில் விழுந்ததும் இவன் தினமும் வீட்டுக்கே வந்தான். சவரம் செய்தான், கால் பிடித்தான், மலச்சட்டியைக்கூட எடுத்துக் கழுவினான். அதைப் பார்க்கப் பார்க்கத்தான் அவளுக்குச் சந்தேகம் வலுத்தது. பெற்ற பிள்ளையே மூக்கைப் பிடித்துக்கொள்கிற வேலையை முகம் சுளிக்காமல் செய்கிறவனுக்கு ஏதோ வேண்டியிருக்கிறது.

என்ன வேண்டும் என்பது ஊருக்கே தெரியும். ஐஸ் ஃபேக்டரி வாட்ச்மேன் சாகக் கிடந்தபோது இவனுக்கு முன்பிருந்த போதகர் நெற்றியில் தண்ணீர் தெளித்து நாலு வார்த்தை சொல்லிவிட்டார். அவ்வளவுதான், ஆள் அவர்கள் ஆள். மிஷன் கல்லறை மதிலுக்கு உள்ளேதான் அடக்கம் என்றார்கள். பின்னால் பெண்டாட்டி போனபோது அவளுக்கு அங்கே இடமில்லை. புருஷன் மதிலுக்கு உள்ளே, பெண்டாட்டி வெளியே.

அம்மா படகுப் பட்டறைக்குப் பின்னால் மேட்டில் கிடக்கிறாள். பக்கத்து இடத்தில் புல் மண்டவிடாமல் அப்பாவே செதுக்கி வைத்திருந்தார்.

சேதி கேட்டு ஓடிவந்த தம்பி அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். அழுது முடித்ததும் அவளைச் சமையலறைக்குள் கூப்பிட்டான்.

"அக்கா, அவன் தெளிச்சுட்டானா?"

"இல்லைங்கறான்."

"நம்மகிட்ட இல்லைன்னுதான் சொல்லுவான். அவங்க மிஷன் பெரியவர் இன்னைக்குப் படகுல வந்திருக்காரு. அவரு முன்னாடி ஆமான்னுட்டா என்ன பண்றது?"

அவள் கூடத்தில் நின்ற டைக்காரனை எட்டிப் பார்த்தாள்.

பெரியவர் குடையோடு நேரே வீட்டுக்கே வந்துவிட்டார். அப்பாவைக் கும்பிட்டார். பிறகு தலையணை ஈரத்தைப் பார்த்தார். பெரிய மூக்கு அவருக்கு, எதையும் மோப்பம் பிடிக்காமல் விடாது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"கடைசியா நீதான் கூட இருந்தியாமே?" என்று டைக்காரனைக் கேட்டார்.

"ஆமாங்கய்யா."

"ஏத்துக்கிட்டாரா?"

மகள் அவன் முகத்தையே பார்த்தாள்.

"இல்லைங்கய்யா."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. இத்தனை நாள்ல உன்னால ஒரு ஆளைச் சேக்க முடியலை. உன்னைக் கையோட கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காங்க. ஒருத்தர் சேந்திருந்தாலும் நான் உனக்காகப் பேசிப் பாப்பேன்."

"யோசிக்க ஒண்ணுமில்லைங்கய்யா. முகம்தான் கழுவினேன்."

பெரியவர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தம்பி பெருமூச்சு விட்டுச் சவப்பெட்டிக்குச் சொல்லக் கிளம்பினான். அவளுக்கு மட்டும் ஆறவில்லை. பிழைப்பே போகிறது என்கிறபோது ஒருத்தன் எதற்காக இப்படி அடித்துச் சொல்ல வேண்டும்? எதையோ மறைக்கிறான். கொல்லையில் அவன் கிண்ணத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான். போய் எதிரே நின்றாள்.

"உண்மையைச் சொல்லுங்க. அப்பா ஒண்ணுமே கேக்கலியா?"

கிண்ணத்தைத் தேய்த்துக்கொண்டே சொன்னான்.

"கேட்டாரு."

"என்ன கேட்டாரு?"

"'உனக்கு ஒரு ஆளும் சிக்கலியேப்பா. வெறுங்கையோட போகாதே. என் தலையில ஊத்திக்கோ, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்'னாரு."

அவள் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்புறம் ஏன் செய்யலை?"

"நம்பிக்கை வந்து கேக்கலைக்கா அவரு. என்னைப் பாத்தா பாவமா இருந்திருக்கு. தண்ணிகூட எடுத்துட்டேன். பொய் சொல்வானேன். ஆனா கை போகலை. அம்மா பக்கத்துல இடம் வச்சிருக்காருன்னும் தெரியும். அப்புறம் அந்தத் தண்ணியிலதான் முகத்தைக் கழுவி விட்டேன்."

இதை எவனாலும் கட்டிச் சொல்ல முடியாது. தேறவே தேறாத என்ஜினைக் கொண்டு வருகிறவனுக்கும் சும்மாவாவது ஒரு புதுத் திருகாணியை மாட்டி அனுப்புகிற மனுஷன் அப்பா. வந்தவன் முகம் வாடிப் போகக்கூடாது அவருக்கு. சாகிற நேரத்திலும் பார், கொடுக்க வேறொன்றும் இல்லையென்று தன் மண்டையைக் கொடுத்திருக்கிறார். அவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. கோபமும் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை. அவன் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தலைகுனிந்து நின்றான்.

அப்படியும் பெட்டியை மூடுமுன் அவள் துண்டால் அப்பாவின் நெற்றியை ஒருமுறை அழுத்தித் துடைத்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று. துடைக்கும்போதே தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. ஆனாலும் துடைத்தாள்.

மேட்டு மண் கல்லும் சிப்பியுமாக இருந்தது. பெட்டியை இறக்கியதும் அவள் ஒரு மண்வெட்டியை எடுத்து டைக்காரனிடம் கொடுத்தாள். அவன் தயங்கி வாங்கினான். தம்பியும் பட்டறை ஆட்களும் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம் மண்ணைத் தள்ளினார்கள். வேலை பழகாத கை. கால்வாசி மண் வெளியே விழுந்தது.

தம்பி மெல்ல நகர்ந்து அவளிடம் வந்தான்.

"அக்கா, அங்க பாரு. அவன் வாய் அசையுது. என்னமோ சொல்றான். நிறுத்தச் சொல்லவா?"

அவள் பார்த்தாள். கண்ணைப் பாதி மூடியிருந்தான். உதடு விடாமல் அசைந்துகொண்டிருந்தது.

"வெயில் தாங்கலை, மூச்சு வாங்குறாரு," என்றாள். "நீ போய் மண்ணைப் போடு."