ஒட்டகச்சிவிங்கியின் காலர்

தம்பியின் கழுத்தைச் சுற்றி இஞ்ச் டேப்பை வைத்தாள் அக்கா. வண்டி வாசலில் வந்து நின்றுவிட்டது. "இந்த நேரத்துல அளவு எதுக்கும்மா, சட்டையப் போட்டு அனுப்பு" என்றார் பக்கத்து வீட்டு மாமா. காலர் தொளதொளவென்றிருந்தது. ஒரு தையல்காரனை இந்தக் கோலத்திலா அனுப்புவது?

கடையில் அவன் வெட்டித் தைப்பான். காஜாவும் பொத்தானும் அவள். அளவெடுத்து அவள் "கழுத்து பதினஞ்சு" என்றால், "நூத்தம்பது" என்று தெருமுனைவரை கேட்கச் சொல்லிவிட்டுத்தான் சரியாக எழுதுவான். வந்தவர் தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொள்வார். ஒட்டகச்சிவிங்கிக்குச் சட்டை தைத்த கதையை அந்தத் தெருவில் கேட்காத காது கிடையாது. ஏணி போட்டு அளவெடுத்தானாம். கீழ்ப் பொத்தான் தரைத்தளத்தில், மேல் பொத்தான் மூன்றாம் மாடியில். எல்லாம் முடிந்தபின் அது கண்ணாடியைப் பார்த்து, காலர் கொஞ்சம் பிடிக்கிறது என்றதாம்.

அவன் தூக்கத்தையும் சாப்பாட்டையும் விட்டு மொட்டைமாடிச் சுவர்மேல் போய் உட்காரத் தொடங்கியபோது, கையெழுத்துப் போட்டு மனநல மருத்துவமனையில் சேர்த்தவள் அவள்தான். அவன் மாட்டேன் என்றான். சட்டத்துக்கு அவளும் டாக்டரும் போதும். காக்கை பாதி வழியில் உட்கார்ந்து மூச்சு வாங்கித் தாண்டவேண்டிய மதில் அங்கே. டாக்டர் ஒட்டகச்சிவிங்கியையும் நோயின் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

வீட்டுக்கு விடலாமா என்று விசாரிக்க மூன்று பேர் கொண்ட குழு வந்தது. முந்தின நாளே அவள் அவன் காதோடு சொல்லிவைத்தாள்: "டேய், நாளைக்கு மட்டும் ஒட்டகச்சிவிங்கிய அவுத்து விட்டுடாத."

"சரிக்கா" என்றான். ஒரே சொல்லில் அவன் எதையும் முடித்ததில்லை.

மறுநாள் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னான். ஒரு நாளைக்கு எத்தனை சட்டை தைப்பீர்கள் என்றார் தலைவர். ரெண்டு என்றான். அந்த வாயில் அந்தக் கணக்கு இருநூறுக்குக் கீழே இறங்கியதே இல்லை. குழுவின் மூன்று முகங்களும் தெளிந்தன. அவள் மட்டும் மீதி வரும் என்று அவன் வாயைப் பார்த்திருந்தாள்.

தலைவர் அவள் பக்கம் திரும்பினார். "முன்ன இருந்த மாதிரி ஆயிட்டாராம்மா?"

இல்லை என்றால் மதிலுக்குள் திரும்பப் போய்விடுவான். அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்படியேதான் இருக்கான்" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் மாடிக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். யானையாலும் திறக்க முடியாத பூட்டு. நேற்றுக் காலை உடைக்க வேண்டியிருந்தது அவன் அறைக் கதவை; அதற்குள் உடம்பு சில்லிட்டிருந்தது.

"நேரமாகுதும்மா" என்றார் மாமா.

அவள் டேப்பைப் பார்த்தாள். "கழுத்து பதினாலு" என்று, கடையில் சொல்கிற குரலில் சொல்லிவிட்டாள்.

மாமா தரையைப் பார்த்தார். நூல் கோத்த ஊசியைப் பிடித்தபடி அவள் சற்று நேரம் காத்திருந்தாள். பிறகு பொத்தானைக் கொஞ்சம் உள்ளே தள்ளித் தைத்து, குனிந்து நூலைக் கடித்தாள்.