நாற்காலிக்குப் போட்ட காலுறை

அந்த வீட்டில் நாற்காலிகள்கூடக் காலுறை போட்டுக்கொண்டிருந்தன. எல்லாம் அவனுடைய பழைய காலுறைகள். குதிகாலில் ஓட்டை விழுந்ததும் அவன் மனைவி அதைக் குப்பையில் போடமாட்டாள். நாற்காலிக் காலில் மாட்டி மேலே ரப்பர் வளையம் போட்டுவிடுவாள். இழுத்தால் சத்தம் வராது. கதவுத் தாழ்ப்பாளில் துணி சுற்றியிருந்தது. வாசல் மணிக்குள் காகிதம் அடைத்திருந்தது. கல்யாணத்துக்கு வந்த குக்கர் விசில் அடிக்கும் என்பதாலேயே பெட்டியைவிட்டு வெளியே வந்ததில்லை.

எல்லாம் அவன் தூக்கத்துக்காக. அவனுக்குக் கண்ணாடி பாட்டில் செய்யும் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். ஊரே பல் தேய்க்கும் நேரத்தில் வந்து படுப்பான். படுக்கையறை ஜன்னலுக்குப் பலகை அடித்து, இடுக்கெல்லாம் கறுப்பு டேப் ஒட்டியிருந்தான். மகள் வளர்ந்தது இந்த இருட்டுக்குப் பக்கத்து அறையில். நடக்கக் கற்றதே நுனிக்காலில்தான். அதனால் அவளுக்குப் பூனை என்று பேர் வந்தது. "உங்க வீட்டுலெல்லாம் பிள்ளைங்க காதைக் கிழிக்குது. எங்க வீட்டுல பூனை, வர்றதும் தெரியாது போறதும் தெரியாது" என்று தொழிற்சாலையில் சொல்லித் திரிந்திருக்கிறான், ஏதோ தான் சாதித்த மாதிரி.

குளிர் முடியும் தறுவாயில் அவன் வேலையை விட்டான். ஒரு நாள் நின்றபடியே தூங்கி, கொதிக்கும் பாட்டில் வரிசைமேல் சாயப்போனான். பக்கத்தில் நின்றவன் சட்டையைப் பிடித்து இழுத்துப்போட்டான். இவன் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தான். பிறகு போகவில்லை. பெரிய முடிவு எதுவும் எடுத்ததாக அவனுக்குத் தோன்றவில்லை. வார் அறுந்த செருப்பைக் கழற்றிப் போடுகிற மாதிரிதான் இருந்தது. மனைவி ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பகல் வேலைக்குச் சேர்ந்தாள். "வேற வேலை கிடைக்கிற வரைக்கும் சமையலும் பூனையும் உங்க பொறுப்பு" என்றாள்.

அந்த வாரமே பள்ளிக்கூடத்தில் இருந்து ஆள் வந்தது. இருவரும் போனார்கள்.

"முட்டி கிழிஞ்சு ரத்தம் ஒழுகுது சார்" என்றாள் ஆசிரியை. "சறுக்குமரத்துக்குப் பின்னாடி உக்காந்திருக்கா. மணி அடிச்சு எல்லாரும் உள்ள வந்தப்புறம்தான் இவ இல்லன்னே தெரிஞ்சுது. ஏம்மா கூப்பிடலன்னு கேட்டா, காதுகிட்ட வந்து சொல்றா, யாராச்சும் தூங்கிட்டிருப்பாங்கன்னு."

மனைவி கைப்பையின் வாரைப் பிடித்து முறுக்கினாள்.

"வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"இல்ல" என்றான் அவன்.

"அடுத்த வாரம் லீவு விடறோம். திரும்பி வரும்போது பாட்டு பாட வேணாம், பாடம் ஒப்பிக்க வேணாம். விழுந்தா கூப்பிடற அளவுக்குக் குரல் வேணும். என் கண்ணு எப்பவும் இவமேலயே இருக்காது. எனக்குப் பயமா இருக்கு."

திரும்பி நடக்கும்போது பூனை அவர்களுக்கு முன்னால் கட்டுப்போட்ட காலோடு, அப்போதும் நுனிக்காலில், போனாள்.

"நான்தான்" என்றான் அவன்.

"வாயை மூடுங்க. ஷ்ஷ் ஷ்ஷ்னு நாள் பூரா சொன்னது யாரு? நான்."

"யாருக்காகச் சொன்ன?"

அவள் எட்டி நடந்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவனுக்கு ஒரு பகல் ஞாபகம் வந்தது. மகளுக்கு இரண்டு வயது இருக்கும். கூடத்தில் டப்பாக்களை அடுக்கிச் சரித்து விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அவன் எழுந்து வந்து கதவருகில் நின்றான். திட்டவில்லை, கை ஓங்கவில்லை. சும்மா நின்றான். குழாயை மூடின மாதிரி சிரிப்பு நின்றது. அவன் திரும்பிப் போய்ப் படுத்து நன்றாகத் தூங்கினான். அதுதான் இப்போது உறுத்தியது, நன்றாகத் தூங்கியது.

மறுநாள் காலையிலேயே வேலையை ஆரம்பித்தான். பலகையைப் பெயர்க்கப் பக்கத்து வீட்டு பிளம்பரிடம் கடப்பாரை கேட்டான். பிளம்பர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பி, இந்த வீட்ல ஆம்பளை உண்டுங்கிறதே இன்னிக்குத்தான் தெரியுது. அந்தப் பொண்ணு பிள்ளையோட தனியா இருக்குன்னு பரிதாபப்பட்டு ரெண்டு தடவை ஓசியில குழாய் மாத்திக் குடுத்தேன்."

"இருந்தேண்ணே. தூங்கிட்டு இருந்தேன்."

"இத்தனை வருஷமாவா? கரடிகூட வெயில் வந்தா எந்திரிச்சிருமே."

பலகை பெயர்ந்து வந்தது. வெளிச்சம் படுக்கைமேல் விழுந்தபோது மெத்தையில் அவன் உடம்பின் பள்ளம் தெரிந்தது. ஜன்னல் சட்டம் பழைய பெயின்டில் ஒட்டிக்கிடந்தது. கத்தியால் கீறி, தோளால் முட்டித் திறந்தான். தாழ்ப்பாள் துணியை அவிழ்த்தான். மணிக்குள் இருந்த காகிதத்தைப் பிடுங்கினான். நாற்காலிக் காலுறைகளை எல்லாம் உருவிக் குப்பையில் போட்டான். பூனை சுவரோரமாக நின்று, வீட்டில் திருடன் புகுந்ததைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் காலையில் நாற்காலிகள் மறுபடி காலுறை போட்டிருந்தன. ஒன்று தலைகீழாக மாட்டியிருந்தது. ரப்பர் வளையம் கிடைக்காத இடத்தில் பூனை தன் தலை ரிப்பனைக் கட்டியிருந்தாள்.

அவன் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். "ஏன் பாப்பா?"

அவள் அவன் காதருகில் வந்தாள். "நீ தூங்கலயா?"

"இனிமே பகல்ல தூங்க மாட்டேன்."

"அப்ப எப்ப தூங்குவ?"

"எல்லாரும் தூங்கறப்ப."

அவள் யோசித்தாள். "அப்ப எல்லாரும் சும்மா இருக்கணுமா?"

அவன் எழுந்தான். காலுறைகளைத் தொடவில்லை, அப்படியே விட்டான்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு நிலத்துண்டு இருந்தது. வீடு கட்டினவர்கள் போட்டுவிட்டுப் போன செங்கல் துண்டும் காய்ந்த புல்லும் மண்டிக்கிடந்தன. அதைப் பகலில் அவன் நின்று பார்த்ததே இல்லை. பிளம்பர் வீட்டு மரம் இலை விடுவதற்கு முன்னாலேயே பூத்து, பாதிப் பூவை இவர்கள் பக்கம் கொட்டியிருந்தது. அவன் மண்வெட்டியோடு இறங்கினான். முதல் நாள் கை கொப்புளித்தது. இரண்டாம் நாள் கொப்புளம் உடைந்தது. கல்லைப் பொறுக்கி, கட்டி உடைத்து, வேலி வரைக்கும் மூன்று பாத்தி போட்டான். ஒன்றில் முளைவிட்ட உருளைக்கிழங்கை வெட்டிப் புதைத்தார்கள். இன்னொன்றில் முள்ளங்கி. கடைசிப் பாத்தியில் பட்டாணி. பூனை ஆள்காட்டி விரலால் மண்ணில் குழி போட்டு, குழிக்கு ஒரு விதை வைத்து மூடினாள். மூடியதும் அவனைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள்.

"விதைக்குக் காது கிடையாது" என்றான் அவன். அவள் நம்பினதாகத் தெரியவில்லை.

கத்திக் காட்டு என்று கேட்டும் பார்த்தான். வேலி ஓரமாக நிற்கவைத்து, "அப்பான்னு கத்து, பாக்கலாம்" என்றான். அவள் சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை. வாயை அகலமாகத் திறந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. காற்றுதான் வந்தது. அவன் இரண்டாம் முறை கேட்கவில்லை.

சமையலில் அவனுக்குத் தெரிந்ததெல்லாம் முட்டை அவிப்பது. மனைவி ஒரு சூப் சொல்லிக்கொடுத்திருந்தாள். வெங்காயத்தை வெண்ணெயில் வதக்கி, உருளைக்கிழங்கும் கேரட்டும் நறுக்கிப் போட்டு வேகவைத்து மசித்து, கடைசியில் பாலைத் தனியாகக் காய்ச்சி ஊற்ற வேண்டும். "பாலுகிட்டயே நில்லுங்க. அது நீங்க பாக்கற வரைக்கும் சும்மா இருக்கும், திரும்பினா பொங்கிரும்" என்றாள். அதைக் கேட்டதும் அவனுக்கு ஒரு வழி தோன்றியது.

பாலை அடுப்பில் வைத்து, தீயைக் குறைத்து, பூனையை அடுப்புக்கு எட்டாமல் பின்வாசல் படியில் உட்காரவைத்தான். "நான் கடைசிப் பாத்தியில இருப்பேன். பால் மேல வந்தா இங்கேர்ந்தே கூப்பிடு. நீ எந்திரிச்சு வர வேணாம்."

முதல் நாள் அவன் களை பிடுங்கிக்கொண்டிருந்தபோது சட்டையின் பின்பக்கம் மெல்ல இழுபட்டது. திரும்பினான். அவள் நின்றாள். பால் அடுப்பெல்லாம் வழிந்து கருகியிருந்தது. இரண்டாம் நாள் ஓடிவந்து இழுத்தாள், அப்போதும் சத்தமில்லாமல். மூன்றாம் நாள் படியிலேயே எழுந்து நின்று இரண்டு கையையும் வீசிக்காட்டினாள். அவன் பார்த்தான். பார்க்காத மாதிரி குனிந்துகொண்டான். அவள் கை வீசி ஓய்ந்து, அழுதுகொண்டே பாத்தி நடுவே நடந்து வந்தாள். அழுகைக்கும் சத்தமில்லை. அதைப் பார்த்தபோது தான் செய்வது மருந்தா, அதே பழைய அடியா என்று அவனுக்குத் தெரியவில்லை.

"தினமும் பாலைத் தீச்சு வைக்கிறீங்க. அடுப்பைச் சுரண்டி என் நகம் போச்சு" என்றாள் மனைவி சாயங்காலம்.

"நாளைக்கு ஒரு நாள். வரலன்னா விட்டுருவேன்."

"விட்டுட்டு?"

பள்ளிக்கூடம் நாளை மறுநாள் திறப்பதாக இருந்தது.

அடுத்த நாள் வெயில் நன்றாக அடித்தது. கடைசிப் பாத்தியில் பட்டாணி மண்ணைப் பிளந்து, கொக்கி மாதிரி தலையை நீட்டியிருந்தது. அவன் கொடி ஏறுவதற்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தான். முதுகு வீட்டுப் பக்கம். வேண்டுமென்றே அப்படி நின்றான், கை வீசினாலும் தெரியாதபடி.

அன்று சலவைக்கூடத்தில் பாய்லர் ரிப்பேர். எல்லோரையும் மதியமே அனுப்பிவிட்டார்கள். மனைவி முன்வாசல் வழியாக வந்ததோ, பைகூட இறக்காமல் சமையலறைக்குள் நுழைந்ததோ அவனுக்குத் தெரியாது.

அவனுக்குக் கேட்டது இது. முதலில் ஒரு குரல். "அப்பா." வெகுநாள் திறக்காத கதவு மாதிரி, நடுவில் கீறிக்கொண்டு வந்தது. அது தன் மகளுடையது என்று புரிந்துகொள்ளவே அவனுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அந்தக் கொஞ்ச நேரம் முடிவதற்குள் இன்னொரு குரல்.

"ஷ்ஷ். அப்பா தூங்..."

திரும்பினான். படியில் பூனை நின்றாள், வாய் பாதி திறந்து. அவள் பின்னால் மனைவி, தோளில் பையோடு, உதட்டில் விரல் வைத்தபடி. விரலை எடுக்க அவளுக்குத் தோன்றவில்லை. பூனையின் வாய் மெல்ல மூடியது.

அவன் கையில் இருந்த குச்சியை மண்ணில் குத்தினான். அது கோணலாக நின்றது. ஓடிப்போய்த் தூக்கிக்கொள்ளலாம். மனைவியைத் திட்டலாம். இரண்டில் எதைச் செய்தாலும் அந்த வாய் மறுபடி திறக்காது என்று தோன்றியது. நின்ற இடத்திலேயே நின்றான். உள்ளே பால் பொங்கும் வாசம் தோட்டம் வரைக்கும் வந்தது.

மனைவியின் விரல் கீழே இறங்கியது. பையைப் படியில் போட்டாள். கல்யாணமான புதிதில் அவளுக்குப் பெரிய குரல் இருந்தது. தெருமுனையில் இருந்து கூப்பிடுவாள். அவன்கூட அதை மறந்துபோயிருந்தான்.

"ஏங்க" என்று கத்தினாள். "பால் பொங்குது."

அவனுக்குத் தெளிவாகக் கேட்டது. கையைக் காதோரம் குவித்தான். "என்னது?"

"பால் பொங்குதுன்னு சொல்றேன். காது செவிடா?"

"கேக்கல. சத்தமாச் சொல்லு."

வேலிக்கு அந்தப் பக்கம் பிளம்பரின் தலை எழுந்தது. "தம்பி, எனக்கே கேக்குது. ரெண்டு தெரு தள்ளியும் கேட்டிருக்கும். போய் அடுப்பை அணைப்பா."

"எனக்குக் கேக்கலண்ணே."

பூனை அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், வேலிமேல் இருந்த தலையைப் பார்த்தாள். மூன்று பெரியவர்கள் பட்டப்பகலில் கத்திக்கொண்டிருந்தார்கள், யாரும் வந்து கதவருகில் நிற்கவில்லை. அவள் படியின் ஓரத்தைக் கால்விரலால் பற்றிக்கொண்டாள்.

"அப்பா" என்றாள். கீறல் இன்னும் இருந்தது. "பால். எல்லாம் போச்சு."

"கேட்டுருச்சு" என்றான் அவன். மண்வெட்டியை எடுத்து வேலியில் சாய்த்து வைத்துவிட்டு, பாத்தியை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு நடந்தான்.

சூப்பில் அன்று பால் இல்லை. கெட்டியாக, கொஞ்சம் உப்புக் கூடுதலாக இருந்தது. வீடெல்லாம் கருகல் வாசம். மனைவி சிவந்த கண்ணோடு ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தாள். யாரும் நடந்ததைப் பற்றிப் பேசவில்லை. பேசினால் அது ஒரு விசேஷமாகிவிடும் என்று இருவருக்கும் பயம்.

பூனை தன் நாற்காலிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து ஏதோ செய்துகொண்டிருந்தாள். பிறகு எழுந்து நாற்காலியை மேசையை நோக்கி இழுத்தாள். கிரீச்சென்று தரையைக் கீறிக்கொண்டு வந்தது. காலுறை ஒன்று அவள் கையில் இருந்தது.

அவள் நின்று அவனைப் பார்த்தாள். மனைவியின் கத்தி ரொட்டியில் பாதியில் நின்றது.

அவன் குனிந்து சூப்பை ஊதினான். ஒரு வாய் குடித்தான்.

அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். மறுபடி இழுத்தாள்.