மூலைக்குப் போ

மோட்டார் ரிப்பேர் கடையில் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தவருக்கு மறுபடியும் கணக்குத் தப்பியது. சுற்றியதை அவிழ்த்தார். கை ஒரு பக்கம், புத்தி ஒரு பக்கம்.

வார நாளில் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமைகளில் குத்துச்சண்டை நடுவர். நேற்றுப் பெண்கள் போட்டியின் கடைசிச் சுற்றில், சுருட்டை முடிக்காரி விட்ட ஒரே குத்தில் அவளோடு மோதிய நெட்டைப் பெண் மல்லாந்து விழுந்தாள். வீழ்த்தியவள் விலகிப்போய் மூலையில் நிற்க வேண்டும்; அதுவரை நடுவர் எண்ணக் கூடாது. சுருட்டையோ விழுந்தவளின் தலைமாட்டிலேயே மரமாட்டம் நின்றாள். "மூலைக்குப் போ!" என்று கத்திப் பார்த்தார். அசையவில்லை. தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டுபோய் விட்டுவிட்டு வந்துதான் "ஒண்ணு" என்றார். அதற்குள் சுதாரித்துக்கொண்ட நெட்டை, பத்து எண்ணி முடிக்குமுன் எழுந்துவிட்டாள். கண்ணைப் பார்த்தார், பேர் கேட்டார், சரியாகச் சொன்னாள். ஆட விட்டார். ஏற்கெனவே புள்ளிகளில் முந்தியிருந்த நெட்டையே ஜெயித்தாள்.

தாமதமாக எண்ணி நெட்டையைக் காப்பாற்றிவிட்டார் என்று அரங்கமே அவரைத் திட்டித் தீர்த்தது. அதுகூடப் பரவாயில்லை. உடை மாற்றும் அறையில் நெட்டை வாந்தி எடுத்தாள், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள் என்று காலையில் சேதி வந்ததிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

வாசலில் நிழல் தட்டியது. சுருட்டை.

"வாம்மா. திட்டணும்னா திட்டிட்டுப் போ."

"திட்டத்தான் சார் வந்தேன். மறுபடி அடிக்கத்தான் நான் அங்கயே நின்னேன்னு எல்லாரும் பேசுறாங்க. நீங்களும் அப்படித்தானே நெனச்சீங்க?"

"ஆமா."

"அவ கண்ணு மேல சொருகிருச்சு சார். செத்துட்டாளோன்னு பயந்துட்டேன். காலே நகரல."

நேற்று அவர் அவள் காலைப் பார்த்தாரே தவிர, முகத்தைப் பார்க்கவேயில்லை.

"தெரிஞ்சிருந்தாலும் எண்ணியிருக்க மாட்டேன்மா. நீ எதுக்கு நின்னாலும் சட்டம் ஒண்ணுதான்."

"சட்டத்த நான் குத்தம் சொல்லல. என்னப் பத்தி நெனச்சீங்களே, அதத்தான் சொல்றேன்."

"அது தப்புதான். மன்னிச்சுக்கோ," என்றார். பிறகு மெல்லக் கேட்டார்: "அவளப் போய்ப் பாத்தியா?"

"பயமா இருக்கு சார்."

"எனக்கும்தான்," என்று எழுந்து ஷட்டரை இறக்கினார்.

ஆஸ்பத்திரியில் நெட்டை தலையணையில் சாய்ந்திருந்தாள். ஒரு கண் வீங்கி மூடிக்கிடந்தது. பயப்பட ஒன்றுமில்லை, நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். சுருட்டையைக் கண்டதும், "வாடி பாதகத்தி," என்று சிரிக்கப்போய் வலியில் முகம் சுளித்தாள். சுருட்டை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எழுந்தப்பவே ஆட்டத்த நிறுத்தியிருக்கணும்மா," என்றார் நடுவர்.

"நிறுத்தியிருந்தா உங்கள உண்டு இல்லன்னு பண்ணியிருப்பேன் சார்."

பெண்கள் இருவரும் சிரித்தார்கள். அவருக்குச் சிரிப்பு பாதியிலேயே நின்றது. உட்காரச் சொல்லியும் உட்காராமல் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தார். அடுத்த ஞாயிறும் போட்டி இருக்கிறது. வராந்தாவில் டாக்டர் தலை தெரிந்ததும் விறுவிறுவென்று பின்னாலேயே போனார்.

"டாக்டர், ஒரு நிமிஷம். விழுந்து எழுந்தவங்க கண்ணுல நான் வேற என்ன பாக்கணும்?"