அக்காவையும் சேர்த்து ஒரு மனு

கூட்டம் மீசைக்காரரின் பள்ளி வேனுக்குள் நடந்தது. ஓட்டுநர் இருக்கையில் அவர் பின்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தார். நடு வரிசையில், சின்னப் பிள்ளைகளின் இருக்கையில், முழங்கால் மோவாயைத் தொட இன்னொரு ஓட்டுநரான நெட்டையன். கதவோரத்தில், பிள்ளைகளை ஏற்றி இறக்கும் அக்கா. அவருக்கு எதிரில், மடியில் அட்டையும் தாளுமாக, சங்கச் செயலாளரான நான்.

ஊரடங்கில் பள்ளிகள் மூடி, வருமானம் நின்றுபோன வேன் ஓட்டுநர்களுக்கு அரசு நிவாரணம் அறிவித்திருந்தது. கூடவே போகும் உதவியாளர்களைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

"அக்காவையும் சேர்த்து எழுதுங்க," என்றார் மீசைக்காரர்.

"லைசென்ஸ் கேப்பாங்களே அண்ணே! மொத்த மனுவையும் தள்ளிட்டா நம்ம கதி?" என்றான் நெட்டையன்.

"எனக்காக யாரும் கெஞ்ச வேண்டாம் தம்பி," என்றார் அக்கா.

"யாரு கெஞ்சறா?" என்றார் மீசைக்காரர். "கடைசிப் பிள்ளை ஏறினதும் நீங்க வேனை ரெண்டு தட்டு தட்டாம நான் என்னிக்காவது கியர் போட்டிருக்கேனா? அப்ப வண்டி ஓட்டறது ஒருத்தரா, ரெண்டு பேரா?"

நெட்டையன் சிரித்துவிட்டான். "அக்கா தட்டலைன்னா உங்க மீசைகூட அசையாதுபோல. சரி, எழுதுங்க. தள்ளினா எல்லாரையும் சேர்த்தே தள்ளட்டும்."

அந்த இரண்டு தட்டையும் விவரமாக எழுதினேன். உதவியாளர்களை விட்டுவிட்டுத் தரும் நிவாரணம் எங்களுக்கும் வேண்டாம் என்று முடித்தேன். முதல் கையெழுத்தை அக்கா தலை நிமிர்ந்து போட்டார். அதன் கீழே நாங்கள் மூவரும் போட்டோம். உறையை ஒட்டி, அன்றே பதிவுத் தபாலில் அனுப்பினேன்.