செங்கல்பட்டு சீல்

எங்கள் குடியிருப்போர் நலச்சங்க அறையில் ஒரு பலகை தொங்குகிறது. பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கிய பிள்ளைகள், கேரம் போட்டியில் ஜெயித்தவர்கள் எல்லாருக்கும் கீழே, 'தாம்பரம் – கன்னியாகுமரி – தாம்பரம் சைக்கிள் பயணம், 1987: யக்ஞநாராயணன்' என்று மஞ்சள் பெயின்டில் எழுதியிருக்கிறது. அது நான்தான். பத்து வருஷமாக அந்தப் பலகைக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருகிறேன்.

போனது இரண்டு பேர். இன்னொருவன் கேசவன். மறைமலை நகரில் ஒரே தொழிற்சாலையில் அவனுக்கு லேத்தில் வேலை, எனக்கு டைம் ஆபீஸில். பீர்க்கன்கரணை ஏரியை ஒட்டிய வயல்கள் ஒருகாலத்தில் அவன் குடும்பத்துடையவை. அதில் மனை வாங்கிக் குடிவந்தவர்கள் நாங்கள். தினமும் காலையில் என் வீட்டு வாசலில் இரண்டு தரம் மணியடிப்பான். ஜி.எஸ்.டி. ரோட்டில் பேசிக்கொண்டே மிதிப்போம். அப்படிப் பேசிப் பேசித்தான் கன்னியாகுமரி வரை போய்விட்டு வருவது என்று முடிவானது.

அப்போதெல்லாம் சைக்கிளில் ஊர் சுற்றுகிறவர்கள் ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் வைத்திருப்பார்கள். போகும் ஊரில் போஸ்ட் ஆபீஸிலோ பஞ்சாயத்து ஆபீஸிலோ ஆள் நேரில் போய் நின்று, தேதியோடு சீல் குத்தி வாங்க வேண்டும். அதுதான் சாட்சி. எங்கள் சங்கத் தலைவர் சுப்ரமணியன், ரிடையர்டு ஹெட்மாஸ்டர், இன்னும் கறார். ஒரு நாள் சீல் குறைந்தாலும் பலகையில் பெயர் ஏறாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். கேசவன் நோட்டுக்கு பிரவுன் அட்டை போட்டு, பொண்டாட்டி பச்சையம்மா கையால் பெயர் எழுத வைத்திருந்தான். அவர்கள் சொந்தக்காரர்களில் பலகையில் பெயர் வந்தவர் அதுவரை யாருமில்லை. அந்த ஆசையை அவன் மறைத்ததே இல்லை.

கடைசி நாள் விழுப்புரத்திலிருந்து கிளம்பினோம். நூற்று முப்பது கிலோமீட்டர். மாலை ஐந்து மணிக்கு எங்கள் பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் வரவேற்பு. வழியில் செங்கல்பட்டில் சீல் வாங்கினால் எல்லாம் முடிந்தது. ஆனால் மார்கழி மாதத்து வாடைக்காற்று நேர் எதிரே நின்று நெஞ்சில் கையை வைத்துத் தள்ளியது. இறக்கத்தில்கூட மிதித்தால்தான் வண்டி நகர்ந்தது. பதினைந்து நாள் சீட்டில் உரசி உரசி எனக்குத் தொடையிடுக்கெல்லாம் புண். அச்சரப்பாக்கத்துக்கு முன்னாலேயே வலது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. நான் போட்ட கூச்சலில் கேசவன் இறங்கி, காலை மடியில் வைத்து நீவிவிட்டான்.

அச்சரப்பாக்கத்தில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். நான் கொஞ்சம் படுத்துவிட்டு வருகிறேன், நீ போய்க்கொண்டிரு என்றேன். அவன் தயங்கினான். பிறகு, மதுராந்தகம் ஏரிக்கரையில் நிற்பதாகவும், நான் வராமல் அங்கிருந்து நகர்வதில்லை என்றும் சொல்லிவிட்டுப் போனான். உண்மையில் அவன் எதிரே அழ எனக்கு வெட்கமாக இருந்தது. அதனால்தான் அனுப்பினேன்.

அவன் போய் ஒன்றரை மணி நேரத்தில் ஒரு லாரி டீக்கு நின்றது. டிரைவர் பெயர் சவுரிமுத்து. என் காலைப் பார்த்துவிட்டு, தாம்பரம் வழியாகத்தான் போகிறேன், ஏறிக்கோ சார் என்றார். நான் ஒரு தரம்கூட மறுக்கவில்லை. சைக்கிளை மூட்டைகளின் மேல் படுக்கவைத்துவிட்டு நானும் பக்கத்திலேயே ஏறிக்கொண்டேன். மதுராந்தகத்தில் இறங்கி, முடியவில்லையடா என்று கேசவனிடம் சொல்லிவிடுவதாகத்தான் எண்ணம்.

ஏரிக்கரையில் புளியமரத்தடியில் அவன் உட்கார்ந்திருந்தான். நான் வரவேண்டிய திசையையே பார்த்துக்கொண்டிருந்தான். லாரியின் கூரையைத் தட்டினால் நின்றிருக்கும். கை எழவில்லை. பதிலாகத் தலை குனிந்தது. இரண்டு மூட்டைகளுக்கு நடுவே முகத்தைப் புதைத்துக்கொண்டு அவனைக் கடந்து போனேன்.

செங்கல்பட்டில் சவுரிமுத்து சாப்பிட இறங்கினார். அங்கேயாவது காத்திருக்கலாம். ஆனால் காத்திருந்தால் சொல்ல வேண்டும். போஸ்ட் ஆபீஸுக்கு நொண்டி நொண்டிப் போனேன். கவுன்டரில் இருந்த அம்மாள் என் காலைப் பார்த்துப் பாவப்பட்டு, சீலை இன்னும் அழுத்திக் குத்தினார். மறுபடி லாரியில் ஏறி வண்டலூரில் இறங்கி, நாலரை மணி வரை ஒரு பாலத்துக்குப் பக்கத்தில் ஒளிந்திருந்தேன். கிளம்புவதற்கு முன் பாட்டில் தண்ணீரைத் தலையிலும் சட்டையிலும் ஊற்றிக்கொண்டேன், வியர்வை மாதிரி தெரியட்டும் என்று. அந்த வேலையை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

எங்கள் ஏரிக்கரையில் மேளம், மைக், இரண்டு ரோஜா மாலைகள். நான் தனியாக வருவதைப் பார்த்துக் கைதட்டினார்கள். பச்சையம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"அவரு எங்கண்ணா?"

"பின்னாடி வந்துட்டிருக்காம்மா. டயர்ல ஏதோ பிரச்சினை."

பொய் இவ்வளவு சரளமாக வரும் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. எனக்கு மாலை போட்டார்கள். இன்னொரு மாலை நாற்காலியில் கிடந்தது. ஆறு மணிக்கு மேளக்காரர்கள் போய்விட்டார்கள். பச்சையம்மா ரோட்டோரத்தில் நின்றவள் நின்றபடியே இருந்தாள்.

ஏழு மணி வாக்கில் கேசவன் வந்தான். முகமெல்லாம் புழுதி, உதடு வெடித்து ரத்தம். சைக்கிளிலிருந்து இறங்கக் காலைத் தூக்க முடியாமல், வண்டியோடு சாய்ந்து பச்சையம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டான். என்னைப் பார்த்தான்.

சுப்ரமணியன் சார் இரண்டு நோட்டுகளையும் வாங்கிப் புரட்டினார். கேசவன் நோட்டில் செங்கல்பட்டு சீல் இல்லை. போஸ்ட் ஆபீஸ் மூடின பிறகுதான் அங்கே வந்தேன் என்றான். சார் மைக்கிலேயே சிரித்தார்.

"நம்ம ஆள் அஞ்சு மணிக்கே வந்தாச்சு. நீ ஏழு மணிக்கு வரே, சீலும் இல்லே. நடுவுல லாரி கீரி ஏறினியாப்பா?"

கூட்டம் சிரித்தது. பச்சையம்மா மட்டும் சிரிக்கவில்லை. கேசவன் திரும்பி என்னைப் பார்த்தான், நிதானமாக. நான் எழுந்து, லாரி ஏறியது நான் என்று நாலு வார்த்தை சொன்னால் போதும். கழுத்தில் இருந்த மாலையின் ஈரம் சட்டைக்குள் இறங்கியது. அதைத் துடைக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டேன். விதி விதிதான் என்று சொல்லி சார் நோட்டை அவனிடம் திருப்பிக் கொடுத்தார்.

எல்லாரும் கலைந்த பிறகு அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தான். பச்சையம்மா நோட்டை மார்போடு அணைத்தபடி முன்னால் போனாள். நான் பின்னாலேயே ஓடி, கேசவா, மன்னிச்சுடு என்று ஆரம்பித்தேன். அவன் நின்றான்.

"இன்னாடா இப்டி பேஜார் பண்ணிட்ட. ஒரு மணி நேரம் பாத்தேன், உன்னிய காணோம். எங்கனா மயங்கி வுழுந்துட்டியோன்னு அச்சரப்பாக்கத்துக்கே திரும்பி மிதிச்சேன். வழியில கீற வாய்க்காலு, ஆஸ்பத்திரி, ஒண்ணு வுடல. அடிபட்ட கேசு எதுனா வந்துதான்னு கேட்டுகினு நின்னேன். கடைசில அந்த டீக்கடைக்காரருதான், லாரில ஏறிட்டாருன்னு சொன்னாரு. அப்பதான் எனக்கு உசுரே வந்துச்சு."

போகவும் வரவும் முப்பத்து நான்கு கிலோமீட்டர். போகும்போது காற்று அவனைத் தள்ளிவிட்டிருக்கும். திரும்பும்போது மறுபடியும் எதிர்க்காற்று. அதில்தான் அவனுடைய சீல் போனது.

"நானா போயி சொல்ல மாட்டேன்" என்றான். "நீ சொல்றதா இருந்தா சொல்லு."

அடுத்த ஞாயிறு சங்கக் கூட்டத்தில் சொல்லத்தான் எழுந்தேன். எல்லாரும் கைதட்டினார்கள். நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அதற்கடுத்த வாரம் பெயின்டர் வந்து பலகையில் என் பெயரை எழுதினார்.

மறுமாதம் நான் கம்பெனி பஸ்ஸுக்கு மாறினேன். கால் வலி என்று காரணம் சொன்னேன். கேசவன் இன்றைக்கும் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறான். என் வீட்டைத் தாண்டும்போது, வழக்கத்தை விடாமல், இரண்டு தரம் மணியடிக்கிறான். நான் ஜன்னலோரம் காபி குடித்துக்கொண்டிருப்பேன். இந்தப் பத்து வருஷத்தில் ஒரு காலையிலாவது எழுந்து வாசலுக்குப் போயிருக்கலாம். மணிச் சத்தம் கேட்டதும், யாரும் பார்க்காத அந்த அறையிலும், ஜன்னலுக்குக் கீழே தலை குனிந்துகொள்கிறது.