பாலெருக்குப் பாத்தி

தண்டுகள் சிக்கிப் புல்வெட்டும் இயந்திரம் திணறியது. ஆர்லன் அதைப் பின்னுக்கு இழுத்து, மறுபடி வேகமாகத் தள்ளினான்.

மதியம் அம்மாவின் அடக்க ஆராதனை. அது முடிந்ததும் சிகாகோவிலிருந்து வரும் அவனுடைய அலுவலகத்தார் வீட்டுக்கும் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அயோவாவின் அந்தச் சின்ன ஊரில் எல்லா வீட்டு முன்புறமும் படிய வாரிய தலை மாதிரி புல்தரை. அம்மா ஆர்டிஸின் வீட்டில் மட்டும் இடுப்பளவு பாலெருக்கு. நம் எருக்குக்கு உறவான செடி. கிள்ளினால் பால் வடியும். மோனார்க் வண்ணத்துப்பூச்சி வேறெதிலும் முட்டையிடாது என்று அவளே விதைத்து வளர்த்தாள்.

"களையை யாராவது தண்ணி ஊத்தி வளர்ப்பாங்களாம்மா?" என்று போன கோடையில் கேட்டிருந்தான்.

"உன்னை வளர்க்கலையா?" என்றாள் அவள்.

கடைசி நாளில், குரல் தேய்ந்துபோன பிறகும், "வந்திருக்கா?" என்று கேட்டாள். எதைக் கேட்கிறாள் என்று அவனுக்குத் தெரியும். அவன் பாத்திப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்திருக்கவில்லை.

"நிறைய வந்திருக்கும்மா."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அதற்கப்புறம் பேசவில்லை.

அடக்கம் முடிந்து, தேவாலயத்துக் கீழறையில் ஹாம் சாண்ட்விச்சும் காபியும் பரிமாறினார்கள். அலுவலகத்தார் ஒவ்வொருவராக வந்து கை கொடுத்தார்கள்.

"வானம் இருட்டிக்கிட்டு வருது, ஆர்லன். நாங்க இப்படியே கிளம்பறோம். வீட்டுக்கு இன்னொரு நாள் வர்றோம்."

அவன் தலையாட்டினான்.

வீட்டுக்குத் திரும்பியபோது, பக்கத்து வீட்டுக் கிழவர் வென்டெல் துக்கத்துக்குப் போட்ட கோட்டோடு, வெட்டிப்போட்ட தண்டுகளுக்கு நடுவே மண்டியிட்டிருந்தார். மல்லாத்தி வைத்த தொப்பிக்குள் கறுப்பும் மஞ்சளும் வெள்ளையுமாக வரியோடிய மோனார்க் புழுக்கள் நெளிந்தன.

"இவ்வளவு இருக்கும்னு நான்…" என்றான் ஆர்லன்.

வென்டெல் நிமிரவில்லை. "உங்கம்மா குடுத்த செடி என் கொல்லையில கொஞ்சம் நிக்குது. அதுல விட்டா பொழைச்சுக்கும்." இன்னொரு புழுவைத் தொப்பிக்குள் விட்டு, "எனக்கு முட்டி வலிக்குது, தம்பி. அந்த ஓரத்தை இன்னும் பாக்கல," என்றார்.

ஆர்லன் கறுப்புக் கால்சட்டையோடு மண்ணில் முட்டி போட்டான். பாதி கிழிந்த ஓர் இலையைப் புரட்டினான். அடியில் ஒரு புழு, எதுவும் நடக்காதது போல விளிம்பைத் தின்றுகொண்டிருந்தது. இலையோடு அதை எடுத்தான்.

முதல் தூறல் விழுந்தது. வென்டெல் தொப்பியை அவன் பக்கம் நகர்த்தி வைத்தார்.