முப்பத்தேழாம் படிவம்

மார்ச் 12, புதன்.

ஒரு பிழை செய்துவிட்டேன். ஆய்வுப் படிவங்களுக்கு எண் போடும்போது முப்பத்தேழை விட்டுவிட்டு முப்பத்தெட்டுக்குத் தாவியிருக்கிறேன். கேட்டது அறுபது படிவம். கடைசி எண்ணை நம்பி, நேற்று அறுபது என்று சொல்லிக் கொடுத்தேன். இருப்பது ஐம்பத்தொன்பது.

இளைஞர் ஆய்வுத் திட்டம் எங்களுக்குத் தந்தது ஒரு டீ-ஷர்ட், ஓர் அடையாள அட்டை, ‘இளம் ஆய்வாளர்’ என்ற பட்டம். கேள்வி: மாலை வகுப்பை இளைஞர்கள் ஏன் பாதியில் விடுகிறார்கள்? பதிலைப் பார்த்துத்தான் அடுத்த ஆண்டு வகுப்பு உண்டா இல்லையா என்று முடிவாகும். நாற்பத்து நான்கு பேர் ஒரே காரணம் சொன்னார்கள். தையல் கம்பெனியில் ஷிப்ட் முடிவது ஆறரைக்கு. வகுப்பு தொடங்குவது ஆறுக்கு. என் அக்காவும் அவர்களில் ஒருத்தி.

எண்ணைத் திருத்த அலுவலகம் போனேன். மேசையில் அறிக்கை, கட்டுக்கட்டாக, பளபளவென்று. அட்டையில் நாங்கள் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறோம். உள்ளே: ‘அறுபது பேரிடம் ஆய்வு. முக்கியக் காரணம், ஆர்வமின்மை.’ அச்சிட்ட தேதி போன வாரம்.

ஒருங்கிணைப்பாளர் டீயோடு வந்தார்.

“மேடம், நாங்க நேத்துதானே படிவம் குடுத்தோம்?”

“அதான்மா, அச்சகத்துக்காரர் சொன்ன தேதிக்கு முன்னாடியே முடிச்சுட்டார்!” பெருமை தாங்கவில்லை அவருக்கு.

“ஒரு படிவம் குறையுது. அதோட, நாப்பத்திநாலு பேர் நேரம் ஒத்துவரலைன்னு...”

“ஒண்ணு குறைஞ்சா குடியா முழுகிடும்? நாளைக்கு வெளியீட்டு விழாவுல அறிக்கையை நீதான் வாசிக்கிற. சிரிச்ச முகமா வாசி, என்ன?”

எண் திருத்த வேண்டும் என்று சொல்லிப் படிவக் கட்டை வாங்கி வந்தேன்.

வீட்டில் அக்கா கேட்டாள்: “அப்போ, எனக்கு ஆர்வமில்லைன்னு நீயே மைக்ல சொல்லப்போற?”

“நான் எழுதலையே.”

“அட்டையில நிக்கிறது யாரு, உன் ஆவியா? சாப்பிட வாங்க, ஆய்வாளரே.”

அறுபதுவரை ஒழுங்காக எண்ணத் தெரியாதவள் அடுத்தவரைக் குறை சொல்லலாமா என்று ஒரு மணி நேரம் யோசித்தேன். எனக்கு எண்ணியதில் பிசகு. அந்த மகாராணிக்கு எண்ண வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஆய்வாம்! போட்டோவுக்கு முகம் தேவைப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

எண்களைத் திருத்திவிட்டேன். இப்போது ஐம்பத்தொன்பதில் முடிகிறது.

நாளை: பத்து மணிக்கு விழா. அறிக்கையை மேசையிலேயே விட்டுவிட்டு, படிவக் கட்டோடு மேடை ஏற வேண்டும். ஒன்றாம் எண்ணிலிருந்து வாசிக்க வேண்டும். அக்காவுடையது இருபத்திரண்டு, அதுவரையாவது மைக்கை விடக்கூடாது.